பேட்டரி அடிக்கடி படுத்துவிடுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மோட்டார் சைக்கிள் பேட்டரி பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன், சில மாதங்களில் மறுபடியும் அதே தொல்லை. எதனால் கெட்டது என்று பாராமல் புதியதைப் பொருத்தினால், புதியதும் பழையது போன வழியிலேயே போகும். காசைச் செலவழிப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிஜிட்டல் மல்டிமீட்டர் எந்த மின்சாமான் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எண்கள் சிலவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடாமல் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஓட்டிவிட்டு வந்த கையோடு அளக்காதீர்கள். அப்போது 13 வோல்ட்கூடக் காட்டும், அதை நம்ப முடியாது. இன்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரைப் பாதியளவு முறுக்கிப் பிடித்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும்.

கேள்வி: என்னுடையது 150 சிசி வண்டி. குறுகிய காலத்துக்குள் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன். கடைசியாகக் கழற்றிய பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. ஹெட்லைட் பல்பும் அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது. எந்தக் கம்பெனி பேட்டரி வாங்கலாம்? — வாசகர், திருப்பூர்

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை. விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். உப்பிய பேட்டரியும், அடிக்கடி போகும் பல்பும் சேர்ந்து வந்தால் உங்கள் வண்டியில் சார்ஜ் தேவைக்கு மேல் ஏறுகிறது என்று பொருள். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி டெர்மினல்களில் அளந்து பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க எண் 15-ஐத் தாண்டிப் போனால் ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) பழுதாகியிருக்கிறது. இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலில் இருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி, அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. பிடி விட்டுப்போனால் பேட்டரிக்குள் இருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து, பேட்டரி உப்பி, உள்ளே வறண்டுவிடும். அந்த யூனிட்டை மாற்றும் முன்பு அதன் எர்த் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். கனெக்டர் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றினால்தான் புது யூனிட் நிலைக்கும்.

இதற்கு நேர்மாறாக, முறுக்கியும் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறாத வண்டிகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காயிலில் இருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் மூன்று வயர்களை, பெரும்பாலும் மஞ்சள் நிறம், கனெக்டரில் பிரித்துவிடுங்கள். மீட்டரை ஏ.சி. 200 வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய சமமாக, முறுக்கும்போது சேர்ந்தே ஏறினால் காயில் நன்றாக இருக்கிறது, ஆர்.ஆர். யூனிட்டையோ இடையில் உள்ள வயரிங்கையோ சந்தேகப்படுங்கள். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் காயில் கருகியிருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, எந்த மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே தொடர்பு காட்டுகிறதா என்றும் பாருங்கள், காட்டக் கூடாது. 100 சிசி வண்டிகள் பலவற்றில் காயிலின் ஒரு முனை எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். ஆகவே இந்தக் கடைசிச் சோதனை மூன்று வயர் வண்டிகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

கேள்வி: வேலை காரணமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறேன். திரும்பி வந்தால் வண்டி பேட்டரி காலி. சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் அளந்து காட்டினார்கள். வண்டியில் திருட்டுக்குப் பயந்து ஜி.பி.எஸ். கருவியும், ஹேண்டில்பாரில் மொபைல் சார்ஜரும் வைத்திருக்கிறேன். — வாசகர், காரைக்குடி

பதில்: அவர்கள் அளந்தது சரி, ஆனால் ஓடும் வண்டியை அளந்திருக்கிறார்கள். உங்கள் தொல்லை வண்டி நிற்கும்போது நடக்கிறது.

சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் இருந்து வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, அளவுப் பகுதியையும் ஆம்பியருக்கு மாற்றுங்கள். சிவப்பு முனையைக் கழற்றிய வயரிலும், கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் வையுங்கள். வண்டியில் இருந்து வெளியேறும் மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். வயர் பட்டவுடன் சில கருவிகள் விழித்துக்கொண்டு கூடுதலாக இழுக்கும், ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து எண்ணைப் படியுங்கள்.

கூடுதல் கருவி எதுவும் இல்லாத வண்டியில் இது ஒன்றோ சில மில்லி ஆம்பியரோதான் இருக்கும். டிஜிட்டல் மீட்டரில் உள்ள கடிகாரத்துக்கு அவ்வளவு போதும். உங்கள் வண்டியில் 30 மில்லி ஆம்பியர் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பார்க்க அற்பமான எண். ஆனால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகிறது. 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் முழுவதும் காலியாகிவிடும்; பாதி இறங்கியவுடனேயே செல்ஃப் தடுமாறத் தொடங்கும் என்பதால் நான்காம் நாளே உங்களுக்குச் சிக்கல் வந்துவிடும். நீங்கள் இரண்டு வாரம் கழித்து வருகிறீர்கள்.

குற்றவாளியைப் பிடிப்பது எளிது. மீட்டர் இணைந்திருக்கும்போதே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், கூடுதல் கருவிகளின் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அதுதான். மொபைல் சார்ஜரை நேராக பேட்டரியில் மாட்டியிருந்தால், போன் செருகாவிட்டாலும் அது சிறிதளவு தின்றுகொண்டே இருக்கும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் ரிலே வைத்து இணைத்துவிடுங்கள். ஜி.பி.எஸ். கருவியை அப்படிச் செய்ய முடியாது, எப்போதும் விழித்திருப்பதுதான் அதன் வேலை. அதற்கு வீட்டில் சிறிய தானியங்கி சார்ஜர் ஒன்றைப் போட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போவதே நல்லது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எண் இறங்கவில்லையா? ஆர்.ஆர். யூனிட்டின் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே டயோடு ஷார்ட் ஆகியிருந்தால், மின்சாரம் பேட்டரியில் இருந்து காயில் பக்கமாகத் திரும்பிக் கசியும். பலர் கடைசிவரை தேடாமல் விடும் இடம் இது.

கேள்வி: நான் ஆசிரியை. வீட்டில் இருந்து பள்ளி ஒன்றரை கிலோமீட்டர். ஸ்கூட்டர் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. தினமும்தான் ஓட்டுகிறேனே? — வாசகி, மன்னார்குடி

பதில்: தினமும் ஓட்டுகிறீர்கள், ஆனால் செலவை ஈடுகட்டும் அளவுக்கு ஓட்டவில்லை. செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது, காலையில் ஐந்து நொடி அழுத்துகிறீர்கள் என்று கணக்குப் போடுவோம். மெதுவாகப் போகும் ஸ்கூட்டரில் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் போக மீதம் அரை ஆம்பியர்தான் பேட்டரிக்குள் ஏறுகிறது என்றால், அந்த ஐந்து நொடிச் செலவைத் திருப்பிக் கொடுக்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். உங்கள் பள்ளி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மாலையிலும் இதே கணக்கு. இப்படிப் பாதி வயிற்றோடு நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

கிக்கர் இருந்தால் காலை முதல் ஸ்டார்ட்டைக் காலால் செய்யுங்கள். வாரம் ஒரு முறை இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: இரவில் ஸ்கூட்டரின் பின்புறத்தைச் சுவர்ப் பக்கம் நிறுத்தி, சாவியைப் போட்டுவிட்டு பிரேக்கைத் தொடாமல் சுவரைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் பிரேக் லீவரில் உள்ள சுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது. பழைய வகை பிரேக் லைட் பல்பு 21 வாட், கிட்டத்தட்ட 1.75 ஆம்பியரை அது ஒன்றே தின்றுவிடும். ஓட்டுபவர் கண்ணுக்குத் தன் வண்டியின் பிரேக் லைட் தெரிவதில்லை, பின்னால் வருபவர்களும் சொல்வதில்லை. லீவரில் எப்போதும் விரலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தாலும் இதே விளைவுதான்.

கேள்வி: மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் உயிர் வரும் என்கிறார்களே? — வாசகர், தருமபுரி

பதில்: வேண்டாம். மூடி முத்திரையிடப்பட்ட பேட்டரியில் ஆசிட், கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கிறது. திறந்தால் அதன் வாயு அடைப்பு கெடும். மூடி திருகும் பழைய வகைக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர், அதுவும் மேல்கோடு வரை. குழாய்த் தண்ணீர் கூடாது, மேற்கொண்டு ஆசிட்டும் கூடாது.

கேள்வி: முன்பெல்லாம் பேட்டரி போனால் தள்ளி ஸ்டார்ட் செய்வோம். புது வண்டியில் அது நடக்கவில்லை. — வாசகர், நாகர்கோவில்

பதில்: 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோல் பம்ப்பும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான இ.சி.யு.வும் வேலை செய்யவே பேட்டரியில் ஓரளவு உயிர் வேண்டும். சாவியைப் போட்டதும் டேங்க் அடியில் ஓரிரு நொடி ‘ஊம்’ என்ற சத்தம் கேட்டால் இரண்டாவது கியரில் தள்ளிப் பார்க்கலாம். சத்தமே இல்லையென்றால் தள்ளுவது வீண் உழைப்பு. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. எப்படியோ கிளம்பிவிட்டால், ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிவிடாதீர்கள். வோல்டேஜ் எகிறி இ.சி.யு. கெடும்.

கேள்வி: புது பேட்டரி மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. சார்ஜிங்கும் கசிவும் சரிபார்த்துவிட்டேன், இரண்டும் சரி. — வாசகர், ஓசூர்

பதில்: கடையில் எப்படிப் பொருத்திக் கொடுத்தார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆசிட் தனியாக வரும் பேட்டரியில், ஊற்றியபின் குறைந்தது அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மெதுவாக முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்று ஊற்றிய சூட்டோடு மாட்டி அனுப்பினால், அந்த பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டாமலேயே வாழ்ந்து முடிகிறது. ஆசிட்டோடு வரும் வகையென்றால், மேலே உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடையின் வெப்பத்தில் பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த சரக்கை வாங்க வேண்டாம்.

வீட்டில் சார்ஜ் ஏற்றுவதாக இருந்தால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும்; 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக்கான சார்ஜரில் அவசரமாக ஏற்றினால் கொதித்துவிடும். ஹைட்ரஜன் வெளியாகும் வேலை என்பதால் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குபவர்கள் கைக்கு அது போகக் கூடாது. அந்த ஈயம் முதலில் பாதிப்பது அந்தத் தெருவின் குழந்தைகளை.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றது. இன்ஜின் வேலை எல்லாம் செய்து ஓடுகிறது. பேட்டரி 12.7 காட்டுகிறது, ஆனாலும் செல்ஃப் அழுத்தினால் பல நாள் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டுமே வருகிறது. — வாசகர், முடிச்சூர், சென்னை

பதில்: 12.7 என்பது சும்மா இருக்கும் பேட்டரியின் எண். சுமை ஏறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். டெர்மினல்களில் மீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். 9.6-க்கும் கீழே சரிந்தால் பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் போய்விட்டது. 12-க்கு அருகிலேயே நின்று ‘டக் டக்’ மட்டும் வந்தால், பேட்டரியிடம் மின்சாரம் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

உங்கள் வண்டி தண்ணீரில் நின்றதால் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் வெற்று உலோகப் பகுதியிலும் வைத்து, செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் மோசம். அந்த வயர் சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வளையத்துக்கு அடியில் பச்சை பூத்திருக்கும், வயரின் உறையை இரண்டு அங்குலம் உரித்தால் செம்பு இழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அப்படியிருந்தால் சுரண்டிப் பயனில்லை, வயரையே மாற்றுங்கள். போல்ட் உட்காரும் இடத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கியபின் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். இதே சோதனையை பாசிட்டிவ் பக்கத்திலும், பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் ரிலே வரை, ரிலேயில் இருந்து மோட்டார் வரை செய்யுங்கள். வேலையைத் தொடங்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்; ஸ்பானர் சேஸிஸில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. வயர்கள் எல்லாம் சுத்தமாகியும் சத்தம் மட்டும் வந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் சேறு இறங்கி கார்பன் பிரஷ் சிக்கியிருக்கும். மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.