பிள்ளைகளோடு சென்னைக்குக் குடிபோகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கணவருக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. வரும் ஜூனில் குடிபோக வேண்டும். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மகனுக்கு எல்கேஜி. முதலில் வீடு பார்ப்பதா, பள்ளி பார்ப்பதா? ஓஎம்ஆரிலேயே (பழைய மகாபலிபுரம் சாலை) வீடு எடுத்துவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பள்ளிதான் முதலில். வாடகை வீடு பன்னிரண்டு மாதமும் காலியாகும். ஆறாம் வகுப்பில் ஓர் இடம் காலியாக வேண்டுமென்றால் அங்கே படிக்கும் பிள்ளை ஊர் மாற வேண்டும். சென்னைத் தனியார் பள்ளிகள் பலவற்றில் எல்கேஜி சேர்க்கை டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூனில் வந்து இறங்கித் தேடினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். மகளுக்கு இடம் கிடைக்கும் பள்ளியிலேயே மகனுக்கும் கேளுங்கள். அக்கா, அண்ணன் படித்தால் பல பள்ளிகள் முன்னுரிமை தருகின்றன. ஜூலை 31 அன்று மகனுக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும்.

இடம் உறுதியானதும் அந்தப் பள்ளியைச் சுற்றி வீடு தேடுங்கள், அலுவலகத்தைச் சுற்றி அல்ல. சோழிங்கநல்லூர் வேலைக்கு மேடவாக்கம், பெரும்பாக்கம், காரப்பாக்கம், நாவலூர், கேளம்பாக்கம் என்று தரகர்கள் அடுக்குவார்கள். கிலோமீட்டரை நம்பாதீர்கள். பள்ளி நடக்கும் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போய், 'பதினைந்தே நிமிஷம்' என்று முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையும், மெட்ரோ பணி நடக்கும் ஓஎம்ஆரும் காலையில் வேறு முகம் காட்டும்.

பள்ளி வேன் உண்டு என்றால் வீடு எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். வேன் முதலில் ஏற்றும் பிள்ளை உங்கள் பிள்ளை என்றால், எட்டேகாலுக்குத் தொடங்கும் பள்ளிக்கு ஆறே முக்காலுக்கே தெருமுனையில் நிற்க வேண்டியிருக்கும். மாலையில் அதே வரிசையில் இறக்குகிறார்களா, தலைகீழாகவா என்பதையும் விசாரியுங்கள். பள்ளி அலுவலகத்தில் 'அந்த ஏரியாவுக்கு வேன் வருது' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தங்களின் வரிசை ஓட்டுநருக்குத்தான் தெரியும். வேனில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும். எல்கேஜி பிள்ளைக்கு இது முக்கியம். ஒரு வழிப் பயணம் அரை மணிக்கு மேல் போனால் அந்த வீடு வேண்டாம்.

அடுத்து தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. நான்கு பேருக்கு 540 லிட்டர், மாதம் 16,000 லிட்டருக்கு மேல். இருபது வீடுகள் உள்ள குடியிருப்பில் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டால் தினம் 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தாக வேண்டும். ஓஎம்ஆர் ஓரத்தில் பல குடியிருப்புகள் கோடையில் லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. வாடகை குறைவாக இருக்கும், மெயின்டனன்ஸ் மே மாதம் எகிறும். ஆகவே 'தண்ணி வசதி எப்படி?' என்று பொதுவாகக் கேட்காமல், போன ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். சங்கச் செயலாளரிடம் இருக்கும். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டு என்றால், குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியவை இரண்டு. 'சிபிஎஸ்இ' என்று பலகையில் இருந்தால், எந்த வகுப்பு வரை இணைப்பு வாங்கியிருக்கிறார்கள் என்று இணைப்பு எண்ணோடு கேட்டு, வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, 'அதற்குள் வந்துவிடும்' என்று பத்தாம் வகுப்புக்கு வாக்குக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. மெட்ரிக் பள்ளி என்றால், சமச்சீர் கல்வி வந்த பிறகு அங்கேயும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடப்புத்தகம்தான். அதிகக் கட்டணம் புத்தகத்துக்காக அல்ல என்பது நினைவிருக்கட்டும். இரண்டாவது, கட்டணம். 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு தொகை நிர்ணயிக்கிறது. அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். ரசீதில் எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதித் தராத பணத்தைக் கட்ட வேண்டாம்.

மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தமிழ்வழி. நன்றாகப் படிக்கிறாள். சென்னை போனதும் நல்ல தனியார் பள்ளியில் ஆங்கிலவழியில் சேர்க்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகர், தருமபுரி

சேர்ப்பதற்கு முன் எதையெல்லாம் இழக்கிறாள் என்று கணக்குப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021-ல் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தனியாருக்கு மாறினால் ஆறு, ஏழு, எட்டு படித்ததும் இதில் செல்லாது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் 7.5 சதவீதம் கிடையாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், இரண்டும் 'கவர்மென்ட் ஸ்கூல்'தானே என்று நினைத்துவிடுகிறார்கள்.

தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்றாவது, தமிழ்வழியில் படித்தோருக்கு அரசு வேலைவாய்ப்பில் இருக்கும் 20 சதவீத முன்னுரிமை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு தொடக்கத்திலிருந்தே தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் ஆங்கிலவழிக்குப் போனாலும் சான்றிதழ் கிடைக்காது.

எங்கள் பேச்சைக் கேட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ தமிழ்வழியிலேயே தொடருங்கள். மாநகராட்சிப் பள்ளியும் 7.5 சதவீதத்துக்கு அரசுப் பள்ளிதான். ஆனால் சேர்க்கும்போது, 'இங்கே தமிழ்வழிப் பிரிவு பன்னிரண்டு வரை இருக்கிறதா? உயிரியல் குரூப் உண்டா?' என்று கேளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் குரூப் இல்லாமல் மறுபடி பள்ளி தேட வேண்டி வந்தால், இப்போது பட்ட பாடெல்லாம் வீண்.

பழைய பள்ளியில் கட்டண பாக்கி இருப்பதால் டிசி (மாற்றுச் சான்றிதழ்) தர மறுக்கிறார்கள். புதிய பள்ளி டிசி இல்லாமல் சேர்க்க முடியாது என்கிறது.
– வாசகி, திருச்சி

பாக்கியை வசூலிக்க டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது இப்போதும் நடைமுறையில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புவரை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினால் டிசி தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. முதலில் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். வாய்மொழியாகப் போய்ச் சண்டை போட்டால் எந்தப் பலனும் இல்லை, கையில் காகிதம் வேண்டும்.

காகித டிசி கைக்கு வந்தாலும் வேலை முடியவில்லை. பழைய பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரை விடுவித்து 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்க மறந்துவிட்டால் பிள்ளை ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்கும், பெயர் இன்னொரு பள்ளியில் இருக்கும். டிசி வாங்கும்போதே அலுவலகத்தில் நின்று, எமிஸில் விடுவித்தாயிற்றா என்று கேட்டு, எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுப் பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரத்திலிருந்துதான் தயாராகிறது. இன்றைய எழுத்துப் பிழை நாளை மதிப்பெண் சான்றிதழில் ஏறும்.

வேளச்சேரியிலும் மேற்குத் தாம்பரம் முடிச்சூர் பக்கமும் வீடு பார்த்தோம். வெள்ளம் வருமா என்று கேட்டால் 'இங்கெல்லாம் வராது சார்' என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீங்கள் சொன்ன இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. ஆனால் ஏரியாவின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பகுதியில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். வீட்டு உரிமையாளரிடமும் தரகரிடமும் கேட்டுப் பயனில்லை. தெருவில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரையும் மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். 'வெள்ளம் வருமா?' என்று கேட்காமல், 'புயலப்போ தண்ணி வடிய எத்தனை நாள் ஆச்சு?' என்று கேளுங்கள்.

பிறகு வாசலில் நின்று பாருங்கள். சாலையிலிருந்து கேட்டுக்குள் நுழையும்போது கால் கீழே இறங்குகிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் சாலை உயர்ந்து வீடு பள்ளமான தெருக்கள் சென்னையில் நிறைய. சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரைமட்டத்தில் இருக்கிறதா, ஓர் அடியாவது உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா? தரைமட்டத்தில் இருந்தால் முழங்கால் தண்ணீருக்கே சாக்கடை நீர் சம்ப்புக்குள் இறங்கும். மழை நின்ற பிறகும் ஒரு வாரம் குடிக்க, குளிக்கத் தண்ணீர் இருக்காது. ஈபி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பழைய பலகையின் அடையாளம் இடுப்புயரத்திலும், புதிய பெட்டி தலைக்கு மேலேயும் இருந்தால் அந்தச் சுவரே பதில் சொல்லிவிட்டது. வாங்குவதானால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றை அந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்குமுன் பத்திரப்பதிவுக்கு அவசரப்படாதீர்கள்.

அட்வான்ஸ்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைதான் வைப்புத்தொகை. 'வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை' என்பதில்தான் சூட்சுமம். நீங்கள் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் பத்து மாதம்தான். பேரம் பேசுங்கள், ஐந்துக்குள் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கத்தை முன்கூட்டியே பேசி, ஒப்பந்தத்தில் தொகையாக எழுதுங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈபி இணைப்பா, சப்-மீட்டரா? தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப்-மீட்டர் என்றால் உரிமையாளர் வைத்ததுதான் விலை.

பெங்களூரில் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறான் மகன். இரண்டாம் மொழி கன்னடம். பத்தாம் வகுப்பைச் சென்னையில் படிக்கலாமா?
– வாசகி, பெங்களூரு

முடிந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதும் பத்தும் ஒரே படிப்பின் இரண்டு பாதிகள். ஒன்பதில் பதிவு செய்த பாடங்களோடுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும், நேரடியாகப் பத்தில் சேர வாரியத்தின் அனுமதி வேண்டும். பெற்றோரின் பணி மாறுதல் ஏற்கப்படும் காரணம்தான். மாறுதல் ஆணை, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிசி, சென்னை முகவரிச் சான்று எல்லாம் சேர்த்துப் பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சிக்கல் கன்னடத்தில். அந்த மொழி கற்பிக்கும் பள்ளி சென்னையில் கிடைப்பது அரிது. அப்பா முதலில் சென்னைக்கு வரட்டும். பையன் தேர்வைப் பெங்களூரிலேயே முடித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் சேரட்டும். அது எல்லாப் பள்ளியிலும் புதிய பிள்ளைகள் நுழையும் வகுப்பு.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. ஆர்டிஇ-யில் (கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில்) மகளைத் தனியார் பள்ளியில் சேர்க்க முடியுமா?
– வாசகர், விழுப்புரம்

எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பு, அதாவது பள்ளியின் நுழைவு வகுப்பில் மட்டும் முடியும். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு ஆர்டிஇ பொருந்தாது. நலிவடைந்த பிரிவில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமென்றால் குலுக்கல். வழக்கமாக ஏப்ரலில் விண்ணப்பம் தொடங்கும். 2025-ல் அக்டோபர் வரை இழுத்தது, ஆகவே இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். விழுப்புரம் முகவரியுள்ள ஆதாரோடு போனால் 1 கிலோமீட்டர் கணக்கிலேயே தள்ளிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த வாரமே முகவரி மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள், வருமானச் சான்றிதழ் அதற்குப் பிறகு.