புல்லை மடக்குகிற கத்தரி

கேள்வி: வீட்டு முன்னால் கொஞ்சம் கொரியன் புல் போட்டிருக்கிறோம். அது சிமென்ட் நடைபாதை மேல் ஏறுகிறது. வேலிச்செடி வெட்டும் கத்தரியால்தான் ஓரம் வெட்டுவேன். மழுங்கிவிட்டதே என்று தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். பளபளவென்று தீட்டித் தந்தார், ஆனால் இப்போது புல் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்கிறது. புதிது வாங்கவா? எனக்கு முட்டுவலியும் உண்டு.
- வாசகி, குளச்சல்

பதில்: அலகுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி அங்கேயும் தீட்டிய கோடு ஓடும் என்று நினைக்கிறேன். அரிவாளை இரண்டு பக்கமும் தீட்டலாம், கத்தரிக்கு வெளிப்பக்கச் சரிவு மட்டும்தான். இரண்டு உள்பக்கமும் உரசிக்கொண்டு போனால்தான் வெட்டு விழும். நூலளவு இடைவெளி இருந்தாலும் புல் அதற்குள் படுத்துக்கொள்ளும், எவ்வளவு கூர் இருந்தும் பிரயோஜனமில்லை.

கோடு லேசாக இருந்தால் காப்பாற்றலாம். நட்டைக் கழற்றி அலகுகளைப் பிரியுங்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் புல்கறையைத் துடையுங்கள். உள்பக்கத்தை கார்பொரண்டம் கல்லின் மேல் படுக்கவைத்து, கோடு மறையும் வரை தேயுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கத்தி தீட்ட வைத்திருக்கிற மாதிரிக் கல் போதும். கோடு ஆழமாக இருந்தால் மெனக்கெட வேண்டாம், கத்தரி போய்விட்டது.

அப்புறம் வெளிச்சரிவு. அதன் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி, தட்டை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை சரிவு முழுக்க அழிந்தால் கோணம் சரி, விளிம்பில் மட்டும் அழிந்தால் அரத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். உள்பக்கத்தை விரலால் தடவினால் பிசிறு தட்டுப்படும். கல்லில் ஒரு தடவை தட்டையாக இழுத்தால் போய்விடும். மாட்டிய பிறகு ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுங்கள். தொபுக்கென்று விழுந்தால் நட்டு தளர்வு. மெதுவாக இறங்கி நிற்க வேண்டும்.

புதிது வாங்குவதென்றால், முட்டுவலிக்கு நீளப்பிடி ஓரக்கத்தரிதான் நல்லது. அதில் அலகுகள் செங்குத்தாக இருக்கும், நின்றபடியே ஓரத்தை வெட்டலாம். எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். ரிவெட் அடித்ததை வாங்காதீர்கள், நட்டு போல்ட் உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே ஒரு செய்தித்தாளை அலகின் நுனியால் வெட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு அலகில் பற்கள் இருந்தால் அதில் அரம் படக் கூடாது.

நடைபாதைக்கும் புல்லுக்கும் நடுவே மண்வெட்டியால் இரண்டு விரல் அகலச் சால் எடுத்துவிடுங்கள். மணலில் மாட்டினால் எந்தக் கூரும் ஒரு நாளுக்குத்தான்.

கேள்வி: துரு பிடிக்காமல் இருக்க தேங்காய் எண்ணெய் பூசலாமா?
- வாசகர், முட்டம்

பதில்: அலகுக்குப் பூசலாம், எறும்பு வந்தால் என்னைத் திட்டாதீர்கள். போல்ட்டுக்கு வேண்டாம், தூசியைப் பிடித்து வைக்கும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். உங்கள் ஊரில் உப்புக்காற்று, போதாததற்கு ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும். வெட்டி முடித்ததும் துடைத்து, வீட்டுக்குள் தொங்கவிடுங்கள்.