கேக்க கூச்சமா இருக்கு அக்கா!

கேள்வி: அக்கா, நான் கோவில்பட்டி பக்கம். எங்க ஊர் பெரியவங்க சொன்ன பழைய கதைகள நானே பேசி ரெக்கார்ட் பண்ணி வாராவாரம் ஆடியோவா போடறேன். 2 வருஷமாச்சு, 80 கதைக்கு மேல போட்டாச்சு, ஒவ்வொண்ணையும் 800 பேர் வரைக்கும் கேக்கறாங்க. மைக்கு, எடிட்டிங், ஊர் ஊரா அலையற பஸ் காசு எல்லாம் என் சம்பளத்துலதான். வீட்ல இப்ப கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. கதை கேக்கறவங்ககிட்டயே உதவி கேளுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, எனக்கு கையேந்தற மாதிரி இருக்கு. கேட்டா குடுப்பாங்களா? எவ்வளவு கேக்கறது?

பதில்: தம்பி, முதல்ல அந்த கையேந்தறதுங்கற வார்த்தைய விட்டுடுங்க. உங்க பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி போடறாங்கல்ல, வீட்டுக்கு இவ்வளவுன்னு, அத யாராச்சும் பிச்சைன்னு சொல்வாங்களா? வில்லுப்பாட்டு வைக்கணும், மேளம் வைக்கணும், நம்ம ஊர் விசேஷம்னு குடுக்கறாங்க, கொடை முடிஞ்சதும் வரவு செலவ எல்லார் முன்னாடியும் வாசிக்கறாங்க. நீங்க கேக்கப்போறதும் அதே வரிதான், உங்க ஊர்க்காரங்க 800 பேரும் வேற வேற ஊர்ல இருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு கேக்கறதுன்னு கேட்டீங்களே, அதுலதான் விஷயமே இருக்கு. உங்களுக்கு பக்கத்து ஊர் எட்டயபுரம், அங்க இருந்துதான் 1920ல பாரதியார் தன் எழுத்தெல்லாம் 40 புத்தகமா போடணும், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி போகணும்னு கணக்கு போட்டு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினாரு, ஆளுக்கு 100 ரூபாயாவது கடனா குடுங்க, வட்டியோட திருப்பித் தர்றேன்னு. பணம் சேரல, அடுத்த வருஷம் செப்டம்பர்ல அவரே போயிட்டாரு. இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அந்த காலத்துல 100 ரூபாங்கறது வசதியானவங்களால மட்டும்தான் எடுத்து வைக்க முடிஞ்ச பணம், அவரு பாட்ட வாய்விட்டு பாடினவங்க கையில அவ்வளவு ஏது.

இதுக்கு நேர் எதிரா 1976ல குஜராத்ல வந்த மந்தன் படத்த பாருங்க, ஷியாம் பெனகல் எடுத்தது. பால் கூட்டுறவு சங்கத்துக்கு பால் ஊத்தற 5 லட்சம் விவசாயிங்க ஆளுக்கு 2 ரூபா போட்டாங்க, 10 லட்சம் சேர்ந்துச்சு, குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் வழங்கும்னு படத்துலயே டைட்டில் போட்டாங்க. படம் ரிலீசானதும் தங்க படத்த பாக்க லாரி லாரியா வந்து இறங்கினாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அந்த 2 ரூபாய எப்படி வாங்கினாங்கங்கறதுதான். யாரும் தனியா போய் கட்டல, பால் காசுல 2 ரூபா குறைச்சு வாங்கிக்கிட்டாங்க, பால் ஊத்தற இடத்துலயே வேலை முடிஞ்சது. நீங்களும் அப்படித்தான் செய்யணும், கதை முடியற இடத்துலயே கேக்கணும், கேட்டவங்க கண்ணு ஈரமா இருக்கும்போதே க்யூஆர் கோடு கண்ணுல படணும். நாளைக்கு அனுப்பிக்கலாம்னு நினைச்சவங்க அனுப்பவே மாட்டாங்க.

என் அனுபவத்துல 100 பேர் கேட்டா 4, 5 பேர்தான் குடுப்பாங்க. உங்க 800 பேர்ல 40 பேர்னு வச்சுக்கோங்க, மாசம் 50 ரூபான்னா 2,000 ஆச்சு, பஸ் காசும் எடிட்டிங்கும் அதுல ஓடும். மிச்சம் 760 பேர் குடுக்கலையேன்னு வருத்தப்படாதீங்க, அவங்க கேக்கறதாலதான் கதை பரவுது, குடுத்தவங்களுக்கு மட்டும்னு கதைய பூட்டி வச்சிடாதீங்க.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு சின்ன பத்திரிகைல இருந்தேன். மதியம் போஸ்ட்மேன் வருவாரு, 25 ரூபா மணியார்டர், நோட்ட எண்ணி மேஜைல வச்சு கையெழுத்து வாங்கிட்டு அடியில இருக்கற கூப்பன கிழிச்சு குடுப்பாரு. அந்த துண்டுல ரெண்டு விரல் அகலத்துக்குதான் எழுத இடம். போன மாசம் வந்த கிணத்து கதை எங்க அப்பா சொன்னது மாதிரியே இருந்துச்சுன்னு பொடி எழுத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, அந்த துண்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அதனால சொல்றேன், பணம் அனுப்பறவங்க ரெண்டு வரி எழுத ஒரு வழி வச்சுக்குடுங்க, அத படிங்க, பதில் போடுங்க.

அதே பத்திரிகைல ஒரு தப்பும் பண்ணோம். பணம் முடைன்னு ஆயுள் சந்தா அறிவிச்சோம், கொஞ்ச பேர் மொத்தமா அனுப்பினாங்க, பேப்பர் கடன அடைச்சோம், அதோட அது தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் மாசாமாசம் அவங்களுக்கு பிரதியும் அனுப்பணும் தபால் செலவும் பண்ணணும், வரவு மட்டும் இல்ல. ஒன்றரை வருஷத்துல பத்திரிகை நின்னுச்சு. மாசாமாசம் ஆகற செலவுக்கு மாசாமாசம் வர்ற பணம்தான் சரி.

நடைமுறை விஷயம் கொஞ்சம். யூட்யூப் மெம்பர்ஷிப் வச்சா 30 சதவீதம் அவங்க எடுத்துப்பாங்க, யூபிஐல நேரா வாங்கினா அந்த பிடித்தம் கிடையாது. ஆனா மாசாமாசம் தானா வரணும்னா பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைன்ல பணத்த வசூல் பண்ணித் தர்ற சேவை வேணும், அதுக்கு கமிஷன் உண்டு. தனியா ஒரு பேங்க் அக்கவுண்ட் வச்சு வரவு செலவ 3 மாசத்துக்கு ஒரு தடவை அப்படியே வெளிய போடுங்க, பேட்டரி வாங்கின 180 ரூபா உட்பட. அன்பளிப்பாவே வந்தாலும் சொந்தக்காரங்க இல்லாதவங்க குடுத்தது வருஷத்துக்கு 50,000 ரூபா தாண்டினா மொத்த தொகையுமே வருமானக் கணக்குல வந்துடும், ஒரு ஆடிட்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

கேள்வி: பசங்களுக்காக முறையா பதிவு பண்ணி ஒரு மாசப் பத்திரிகை நடத்தறேன் அக்கா. லண்டன்ல இருக்கற வாசகர் ஒருத்தர் ஒரே தடவையா 1 லட்சம் தர்றேங்கறார். வாங்கிக்கலாமா?

பதில்: அவரு எந்த நாட்டு குடிமகன்னு முதல்ல கேளும்மா. இந்திய பாஸ்போர்ட்தான் வச்சிருக்காருன்னா, அவரு சொந்த பணத்த பேங்க் மூலமா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைல சேராது. பிரிட்டிஷ் குடிமகனா மாறிட்டாருன்னா வாங்கவே கூடாது, பதிவு பண்ண பத்திரிகையோட ஆசிரியர், வெளியீட்டாளர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாதுன்னு எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துலயே இருக்கு. வாங்கலாம்னு ஆனாலும் அந்த பணத்த ஸ்கேனர் மாதிரி ஒரு தடவை செலவுக்கு வச்சுக்கோ, அச்சுக்கூலிக்கு அத நம்பாத, அடுத்த வருஷம் அவரு அனுப்பலைன்னா என்ன பண்ணுவ?

கேள்வி: நான் வரையற படங்களுக்காக மாசம் 30 பேர் பணம் அனுப்பறாங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம 4 மாசமா என்னால ஒரு படம்கூட வரைய முடியல. அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம பேசாம இருக்கேன்.

பதில்: பேசாம இருக்கறதுதான்மா தப்பு, வரைய முடியாதது தப்பே இல்ல. நான் வருஷ சந்தா கட்டின ஒரு பத்திரிகை 3 இதழோட நின்னுச்சு, ஒரு கார்டுகூட வரல. பணம் போனது ரெண்டு நாள்ல மறந்துபோச்சு, சொல்லாம விட்டது இன்னும் உறுத்துது. அம்மாவுக்கு முடியல, எப்ப திரும்புவேன்னு தெரியல, அதுவரைக்கும் பணம் அனுப்பாதீங்க, அனுப்பினத திருப்பி கேட்டா தர்றேன்னு இன்னைக்கு ராத்திரியே 30 பேருக்கும் எழுதுங்க, பொதுவா ஒண்ணு போடாம ஒவ்வொருத்தருக்கும் பேர் போட்டு எழுதுங்க. அந்த மாசாந்திர பேமென்ட்ட நீங்களே நிறுத்திடுங்க, அவங்க வந்து நிறுத்தட்டும்னு விடாதீங்க. அப்புறம் அம்மாவ கவனிங்க.