குடியிருக்க முதல் பாய்மரப் படகு: எதை வாங்கலாம்?

கேள்வி: நானும் என் மனைவியும் ஈப்போவில் இருக்கிறோம். அடுத்த ஆண்டு இருவரும் பணி ஓய்வு பெறுகிறோம். ஒரு பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியிருந்து, லுமுட், பினாங்கு, லங்காவி என்று போய்வர ஆசை. கையில் 150,000 வெள்ளி இருக்கிறது. லங்காவியில் இரண்டு படகுகள் விலைக்கு வந்துள்ளன. ஒன்று 1982-இல் தைவானில் கட்டிய தயானா 37, மற்றொன்று 1995-இல் கட்டிய பெனட்டோ ஓஷியானிஸ் 351. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். தயானா உலகமே சுற்றும் படகு என்கிறார்கள். மனைவிக்கு மூட்டுவலி உண்டு. எதை வாங்கலாம்?

பதில்: கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த மூட்டுவலியிலிருந்தே தொடங்குகிறேன்.

படகில் குடியிருப்பவர்கள் பாய் விரித்து ஓடும் நாட்கள் குறைவு. மற்ற நாட்களில் படகு நங்கூரத்தில் நிற்கும். மளிகைச் சாமான், குடிதண்ணீர், கேஸ் தோம்பு, துவைக்கும் துணி எல்லாம் டிங்கி எனும் சிறு ரப்பர் படகில்தான் போய் வரும். டிங்கியும் ஆடும், பெரிய படகும் ஆடும். இரண்டுக்கும் நடுவே கால் வைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். தயானாவுக்கு முன்னும் பின்னும் கூர்மையான வடிவம், பக்கச் சுவரும் உயரம். பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்துத்தான் ஏறியாக வேண்டும். ஓஷியானிஸின் பின்பக்கம் தண்ணீரை ஒட்டிப் படிபோல இறங்கியிருக்கும். டிங்கியிலிருந்து எழுந்து அப்படியே கால் வைக்கலாம். உங்கள் மனைவிக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரியது. மாதக் கட்டணம் கொடுத்து எப்போதும் மரினா எனும் படகுத்துறையில் கட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தக் கவலை பாதியாகக் குறையும்.

தயானாவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ராபர்ட் பெர்ரி வடிவமைத்த படகு. 1970-களின் நடுவிலிருந்து 500-க்கும் மேல் கட்டினார்கள். சுமார் 10 டன் எடை, நீண்ட அடிக்கட்டை. பெருங்கடலில் அலை எழும்பும்போது அதற்குள் இருப்பவருக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் நீங்கள் போகப்போவது மலாக்கா நீரிணை. இங்கே பல நாட்கள் காற்று சோம்பலாகத்தான் வீசும். 10 டன்னை அசைக்க அது போதாது. இன்ஜினைப் போட்டுக்கொண்டே போவீர்கள். ஓஷியானிஸ் ஏறக்குறைய பாதி எடைதான், இலேசான காற்றிலும் நகரும். ஒரு விஷயத்தில் தயானாவுக்கே மதிப்பெண்: அதன் புரொப்பெல்லர் நீண்ட அடிக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் மீன்வலையும் கயிறும் எளிதில் சுற்றாது. நீரிணையில் வலைகள் ஏராளம். ஓஷியானிஸ் வாங்கினால் இரவுப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். பினாங்கிலிருந்து லங்காவி சுமார் 60 கடல் மைல். விடிந்ததும் கிளம்பி, காற்று குறையும்போது இன்ஜினையும் சேர்த்துக்கொண்டால் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடலாம்.

சரி, வடிவத்தைப் பொறுத்தவரை என் கை ஓஷியானிஸ் பக்கம்தான் நீள்கிறது. ஆனால் இரண்டுமே வயதான படகுகள். நல்ல நிலையிலுள்ள தயானா, நொந்துபோன ஓஷியானிஸைவிட எவ்வளவோ மேல். அதனால் நிலையைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தயானாவின் மேல்தளத்தில் தேக்குப் பலகை பதித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேக்கு என்றாலே நமக்கு ஒரு மயக்கம் உண்டு. அந்தக் காலப் படகுகளில் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். தளம் என்பது மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ், நடுவே மரம். ஒவ்வொரு திருகாணியும் அந்த நடு மரத்துக்கு மழைநீர் இறங்கும் வழி. நம் ஊர் மழையில் 40 ஆண்டுகள் என்றால் யோசித்துப் பாருங்கள். ஒரு முறை நான் சோதித்த படகில், பார்வைக்குப் பளபளவென்று இருந்த தளத்தில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினேன். துளையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறி வந்தது. பிளாஸ்டிக் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கணீரென ஒலித்தால் நல்லது. 'தொப்' என்று அமுங்கிய சத்தம் வரும் இடத்தில் உள்ளே ஊறிப்போயிருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு ஓரிரு இடம் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். பாய்மரத்தைச் சுற்றியும், அணியம் எனும் முன்பக்கத்திலும் பரவலாக அப்படிக் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். டீசல் தொட்டியையும் விசாரியுங்கள். பல தயானாக்களில் அது இரும்பு. துருப்பிடித்தால் வெளியே எடுக்க உள்ளே மரவேலையை அறுக்க நேரும்.

ஓஷியானிஸில் கவனிக்க வேண்டியது அடியில். கீல் எனும் அடிக்கட்டை வார்ப்பிரும்பு. மேலே துரு தெரிவது சகஜம், சுரண்டிப் பூசினால் போதும். கீலும் உடலும் சேரும் கோட்டில் விரிசல் இருக்கிறதா, கேபின் தரைப்பலகையைத் தூக்கினால் கீலின் பின்முனைக்கு மேலுள்ள குறுக்குச் சட்டங்களில் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் படகு எங்கோ பலமாகத் தரைதட்டியிருக்கிறது.

இரண்டிலுமே, உடலைத் துளைத்துச் செல்லும் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கத்திமுனையால் இலேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாகப் பளிச்சிட்டால் சரி. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்த துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டது. கைப்பிடி ஒரு நாள் கையோடு வந்துவிடும், படகுக்குள் கடல் வரும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எந்த ஆண்டு மாற்றியவை என்று ரசீதோடு கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு தாண்டிய கம்பியோடு நான் யாரையும் கடலுக்கு அனுப்ப மாட்டேன். பல காப்பீட்டு நிறுவனங்களும் இதைக் கேட்கும். அப்புறம் இன்ஜின். நீங்கள் போய்ச் சேரும் முன்பே விற்பவர் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இவ்வளவும் நீங்களே செய்யும் முதல் வடிகட்டல். முன்பணம் கொடுத்த பிறகு படகைக் கரையேற்றி, படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் ஒருவரை நீங்களே தேடிப் பிடித்து, அவரைக் கொண்டு பாருங்கள். விற்பவரின் தரகர் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம்.

150,000 வெள்ளியையும் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள். 110,000-க்குள் முடித்து, 40,000-ஐத் தொடாமல் வையுங்கள். கம்பிகள், பாட்டரி, அடிப்பூச்சு, மேலே கட்டும் வெயில் பந்தல் என்று முதல் ஆண்டிலேயே அது கரையும். நம் வெப்பத்தில் ஃபிரிட்ஜ் ஒன்றே ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி வரை இழுக்கும், அதாவது 12 வோல்டில் சுமார் 720 வாட்-மணி. 400 வாட் சோலார் தகடு இருந்தால் ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாம் சமாளிக்கும்.

காகிதங்கள் பற்றி ஒன்று. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே வாங்கும் படகை லுமுட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் வரி உண்டா, எவ்வளவு என்று சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக் கொடி உள்ள படகு என்றால் அசல் பதிவுச் சான்றும் கடன் பாக்கி இல்லை என்ற அத்தாட்சியும் பார்க்காமல் பணம் கைமாறக் கூடாது.

அடுத்த முறை லங்காவி போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். நண்பகலில், மழை பெய்வதுபோல் எல்லா ஜன்னல்களையும் மூடிக்கொண்டு ஒவ்வொரு படகின் கேபினிலும் அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு திறந்துவிட்டு, காற்று எவ்வளவு சீக்கிரம் உள்ளே வருகிறது என்று கவனியுங்கள். படுக்கையில் இருவரும் படுத்துப் பாருங்கள், நடு இரவில் கழிப்பறைக்குப் போவதுபோல் ஒருவரை ஒருவர் தாண்டி எழுந்து பாருங்கள். கடைசியாக, விற்பவரிடம் டிங்கியைக் கேட்டு வாங்கி, கையில் ஒரு பையோடு உங்கள் மனைவி இரண்டு படகிலும் ஏறி இறங்கட்டும். எந்தப் படகு என்று அவர் சொல்லட்டும்.