நான்கு ஆணிகளையும் மகனிடம் கொடுங்கள்

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் இந்த ஆண்டுதான் கப் ஸ்கவுட் என்ற சிறுவர் சாரணர் அமைப்பில் சேர்ந்தான். பைன்வுட் டெர்பி என்ற குட்டி மரக் கார் பந்தயத்துக்கு என்று ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், நான்கு ஆணிகள். மூன்று வாரத்தில் பந்தயம். நானும் கணவரும் ரம்பம் பிடித்ததே இல்லை, இருப்பதோ அபார்ட்மென்ட். செதுக்கி முடித்த கார் இணையத்தில் கிடைக்கிறது, வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்காமல் கட்டையை நாங்களே வெட்டிக் கொடுத்தாலும், பிள்ளை செய்ய என்ன மிஞ்சும்?
— ஒரு வாசகி

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் இருவருக்கும் ரம்பம் பழக்கமில்லை என்பது இதில் ஒரு குறையே இல்லை. இந்தக் காரின் வேகம் கட்டையின் வடிவத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். சக்கரங்களுக்கு அச்சாக நிற்கும் அந்த நான்கு ஆணிகளின் வழவழப்பிலும், அவை கட்டையில் நிற்கிற நேரிலும்தான் பெரும்பகுதி இருக்கிறது. அந்த வேலைக்கு ஏழு வயதுப் பிள்ளையின் கையும் பொறுமையும் போதும். பல வீடுகளில் பெற்றோர் ஆணியை எடுத்துக்கொண்டு பிள்ளையிடம் பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வெட்டுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆணி, சக்கரம், படம், பெயின்ட் எல்லாம் அவனுடையது.

இந்தப் பந்தயம் பிறந்ததே அப்படித்தான். 1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் கப் மாஸ்டராக, அதாவது ஒரு கப் ஸ்கவுட் குழுவின் தலைவராக இருந்த டான் மர்ஃபியின் மகனுக்கு, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் சேர வயது போதவில்லை. அவனைப் போன்ற சின்னப் பிள்ளைகள் பெற்றோரோடு உட்கார்ந்து செய்யட்டும் என்றுதான் அவர் இந்தக் குட்டிக் காரை யோசித்தார்.

முதல் வேலை, உங்கள் பேக்கின், அதாவது மகன் சேர்ந்திருக்கும் ஸ்கவுட் குழுவின் விதித்தாளை வாங்கிப் படிப்பது. பொதுவாக எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது 141.7 கிராம். நீளம் 7 அங்குலம், சக்கரத்தோடு சேர்த்து அகலம் 2¾ அங்குலம். கட்டைக்கு அடியில் ⅜ அங்குல இடைவெளி வேண்டும். தடத்தின் நடுவில் ஓடும் பட்டையின் மேல்தான் கார் இரு பக்கமும் கால் வைத்துப் போகிறது, அடியில் ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அதில் உரசி நின்றுவிடும். பேக்குக்குப் பேக் மாறுகிற விதிகளும் உண்டு: ஆணி செருகும் பள்ளமான காடியின் இடத்தை மாற்றலாமா, ஒரு முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கலாமா, எந்த மசகு போடலாம். இவற்றை, பேக்குக்குள் மகனின் சிறு பிரிவை நடத்தும் டென் லீடரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். கூடவே, கட்டை வெட்டித் தரும் நாள் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பல பேக்குகள் வைக்கின்றன. ரம்பமும் ட்ரில்லும் உள்ளவர்கள் வந்து உதவுவார்கள், அபார்ட்மென்ட் கவலை அதோடு தீர்ந்தது.

வடிவத்தை மகன் தாளில் வரையட்டும். முதல் காருக்கு ஆப்பு வடிவம் நல்லது. பின்பக்கம் முழு உயரம் 1¼ அங்குலம், முன்மூக்கு அரை அங்குலம், இரண்டையும் சேர்த்து ஒரே சாய்வு வெட்டு. ஆணிக் காடிகள் இரண்டும் அடிப்பக்கம் இருக்கின்றன, அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். அவசரத்தில் கட்டையைத் தலைகீழாக வைத்துக் காடியையே வெட்டித் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வெட்டும் முன் காடிகளின் மேல் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். எடைக்கான குழியையும் வெட்டுவதற்கு முன்பே, கட்டை சதுரமாக இருக்கும்போதே துளைத்துவிடுவது சுலபம். சாய்வான கட்டை ட்ரில்லின் கீழ் நிலையாக நிற்காது.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கார்களும் ஒரே உயரத்திலிருந்துதான் உருண்டு வருகின்றன. மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு ஒன்றுதான் தள்ளுகிறது. ஆகவே எடை உச்சவரம்பை ஒட்டி இருக்க வேண்டும். அந்த எடை பின்பக்கம் இருந்தால், சரிவில் கார் நிற்கும்போது அது இன்னும் சற்று உயரத்தில் நிற்கும், இறங்கும் தூரமும் கூடும். நான் சொன்ன அளவில் வெட்டினால் ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் வரை சேர்க்க வேண்டிவரும். கட்டைக்குக் கட்டை இது மாறும், சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். டங்ஸ்டன் உருளைகள் சிறிய இடத்தில் நிறைய எடை தரும், ஆனால் விலை அதிகம். ஈயம் வேண்டவே வேண்டாம், பிள்ளை கையில் எடுக்கும் பொருள் அது அல்ல. மலிவான வழி, அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயம். ஒவ்வொன்றும் சரியாக 5 கிராம். பின்காடிக்குச் சற்று முன்னால் அடியிலிருந்து ⅞ அங்குல விட்டத்தில் குழி துளைத்தால் நாணயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே உட்காரும். குழி காடியைத் தொடக் கூடாது. எபாக்சி பசை விட்டு ஒட்டுங்கள். லொடலொடவென்று ஆடும் எடைக்கு அனுமதி கிடைக்காது.

பிறகு ஒரு ஸ்கேலின் விளிம்பில் காரைக் குறுக்காக வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பின் ஆணியிலிருந்து 1 முதல் 1½ அங்குலம் முன்னால் அது இருந்தால் முதல் காருக்கு நன்று. இன்னும் முன்னால் போனால், மூக்குப் பகுதியின் அடியில் கொஞ்சம் மரத்தைக் குடைந்து எடுத்து, அந்த எடையைப் பின்னால் சேர்க்கலாம். முக்கால் அங்குலத்துக்கும் உள்ளே போய்விட்டால் முன்பக்கம் லேசாகி, கார் தடத்தில் தள்ளாடும்.

கட்டையை 80, 150, 220 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்து, காடிகளின் மேல் டேப் ஒட்டிவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பெயின்ட் அடிக்கட்டும். பெயின்ட்டும் சில கிராம் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள். வழிய வழிய அடித்தால் மூன்று வாரத்தில் காயாது.

இனி ஆணி. பெட்டியில் வரும் ஆணியைக் கூர்ந்து பாருங்கள். தலைக்குக் கீழே அச்சு அழுத்திய வரம்புகளும் பிசிறும் இருக்கும். சக்கரம் சுழல்வது சரியாக அந்த இடத்தில்தான். ஆணியின் கூர்ப்பக்கத்தை ட்ரில்லில் மாட்டி, சிறிய அரத்தால் பிசிறை எடுத்து, தலையின் உட்பக்க விளிம்பையும் லேசாகச் சரித்துவிடுங்கள். அரம் பிடிப்பது பெரியவர் வேலை. அதன் பிறகு மகன் வரட்டும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளட்டும், தளர்ந்த சட்டைக் கையை மடித்துவிடுங்கள். ட்ரில்லின் விசை உங்கள் கையில், நீரில் நனைத்த உப்புத்தாள் துண்டு அவன் கையில். 400இல் தொடங்கி 600, 1000, 2000 என்று போகட்டும். எண்ணை மாற்றும்போதெல்லாம் முந்தைய தாளின் கீறல் மறைந்ததா என்று டார்ச் வெளிச்சத்தில் அவனே பார்த்துச் சொல்லட்டும். 400இன் கீறல் போகாமல் 1000க்குத் தாவினால் அந்தக் கீறல் கடைசிவரை நிற்கும். முடிவில் உலோகப் பாலிஷைத் துணியில் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். ட்ரில் இல்லையா? உப்புத்தாள் துண்டை ஆணியில் சுற்றி ஷூ துடைப்பது போல முன்னும் பின்னும் இழுத்தாலே போதும், நேரம்தான் கூடும். பளபளத்த பகுதியை அதன்பின் விரலால் தொடக் கூடாது, குறடால் பிடிக்கவும் கூடாது.

சக்கரங்களையும் அவனே சோதிக்கட்டும். ஆணியில் மாட்டிச் சுழற்றினால் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும். அதிகாரபூர்வ உதிரிச் சக்கர செட் ஒன்று வாங்கி, நல்ல நான்கைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் குடைந்து எடை குறைப்பதைப் பெரும்பாலான பேக்குகள் தடை செய்கின்றன, அதில் கை வைக்காதீர்கள்.

மசகுக்குக் கிராஃபைட் தூள்தான் வழக்கம். எண்ணெய் தூசியை இழுக்கும். தூளை வெளியே ஒரு தட்டின் மேல் வைத்துப் போடுங்கள், மூக்கில் ஏறவிடாதீர்கள், துணியில் பட்டால் கறை. சக்கரத்தின் துளையில் கொஞ்சம் தூள், ஆணியை நுழைத்துச் சுழற்றுதல், மறுபடி தூள் என்று மூன்று நான்கு முறை செய்தால் துளை வழுக்கிவிடும்.

ஆணியைக் காடியில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். கையால் அழுத்தி, தேவைப்பட்டால் மெல்லத் தட்டுங்கள். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கிரெடிட் கார்டின் தடிமன் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் சக்கரம் கட்டையில் உரசும், அகன்றால் கார் இரு பக்கமும் ஆடிப் பட்டையில் மோதும்.

பசை வைக்கும் முன் ஓட விட்டுப் பாருங்கள், பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். மட்டமான மேசையில் நான்கு அடி தூரத்துக்கு ஒரு டேப் கோடு ஒட்டி, கார் அதையொட்டி மெல்ல உருளட்டும். ஓர் அங்குலத்துக்குள் விலகினால் சரி. அதற்கு மேல் போனால் மேசையே சாய்வா என்று அறிய எதிர்த்திசையிலும் உருட்டிப் பாருங்கள். கார்தான் காரணம் என்றால், முன் ஆணியின் தலையைக் குறடால் பிடித்து இம்மி இம்மியாகத் திருப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு வளைவு ஆணியில் இருக்கும், திருப்பும்போது சக்கரம் பார்க்கும் திசை மாறும். ஒவ்வொரு முறையும் எத்தனை அங்குலம் விலகியது என்று மகன் அளந்து எழுதிவைக்கட்டும். நேரானதும் அடியிலிருந்து ஒவ்வொரு காடியிலும் ஒரு சொட்டு எபாக்சி வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். சொட்டு சக்கரத்தின் பக்கம் ஓடினால் அந்தச் சக்கரம் போய்விட்டது.

வீட்டுத் தராசும் பந்தயத் தராசும் ஒன்றுபோல் காட்டாது. 140 கிராமில் நிறுத்தி, டங்ஸ்டன் களிம்பைச் சிறிது கையோடு கொண்டுபோய் அங்கே அடியில் அப்பிச் சரிசெய்யுங்கள். கூடினால் சுரண்டி எடுக்கலாம். ஒப்படைப்பதற்கு முந்தைய கடைசி நிமிடத்தில் இன்னொரு சிட்டிகை கிராஃபைட், அதற்குப் பிறகு காரைத் தொட விடமாட்டார்கள். ஒப்படைக்கும் வரை காரைச் சக்கரத்தின் மேல் நிறுத்தாமல் ஷூ பெட்டியில் துணி சுற்றிப் படுக்கவையுங்கள். கீழே விழுந்து ஓர் ஆணி வளைந்தால் மேசையில் செய்த வேலை அத்தனையும் வீணாகும், அதனால் பெட்டியை மகன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும்.