பழைய ஸ்டான்லி இழைப்புளியின் கைப்பிடி உடைந்துவிட்டது, ஒட்டினால் நிற்குமா?

நன்றாகவே நிற்கும், உடைந்த துண்டு கையில் இருந்தால் போதும். அந்தக் காலத்துக் கைப்பிடிகள் பெரும்பாலும் ரோஸ்வுட். அதில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் உடைந்த முகத்தை அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் எபாக்ஸி பசை தடவுங்கள். உப்புத்தாள் மட்டும் போடவே போடாதீர்கள்; நார்கள் பல்லுக்குப் பல் பொருந்தினால்தான் ஒட்டிய கோடு மறையும். நடுவில் போகும் கம்பிக்கு மெழுகு பூசிச் செருகினால் துளை நேராக நிற்கும், பசையும் பிடிக்காது. வளைந்த பிடியில் கிளாம்ப் நழுவும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் விடுங்கள்.

அப்புறம், உடைந்ததற்குக் காரணத்தையும் பாருங்கள். மரம் சுருங்கிவிட்டால் நட்டு கம்பி முனையில் முட்டி நின்றுவிடும்; முழுக்க முறுக்கினாலும் பிடி ஆடும். ஆடுகிற பிடியைத் தள்ளித்தான் மெலிந்த இடத்தில் பிளக்கிறது. கம்பி முனையை அரத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைத்து மாட்டுங்கள்.