முதலில் பலகையைத் தூக்குங்கள்: பின்பால் கேள்வி – பதில்

வீட்டு பேஸ்மென்ட்டில் ஆர்கேடு அமைப்பது பற்றி சென்ற இதழில் எழுதியிருந்தேன். வீடியோ கேம் கேபினட்டுகளைப் பற்றித்தான் அதில் அதிகம் சொன்னேன், ஆனால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பின்பால் பற்றி, அதாவது கண்ணாடிக்கு அடியில் சரிந்த பலகையில் எஃகுப் பந்தை விட்டு ஆடும் மெஷின் பற்றி. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: வணக்கம் ஐயா. முதல் மெஷின் வாங்கப் போகிறேன். 90களில் வந்த வில்லியம்ஸ் கம்பெனி மெஷின் ஒன்று பக்கத்து ஊரில் விற்பனைக்கு இருக்கிறது. போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? (டாலஸ் வாசகர்)

பதில்: போட்டோவில் தெரிவது பெயின்ட் மட்டும்தான். போவதற்கு முன்பே விற்பவரிடம், "நான் வரும்வரை ஆன் செய்யாமல் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்து கிடக்கும் மெஷின் எப்படி எழுந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆன் செய்ததும் திரையில் "ஃபேக்டரி செட்டிங்ஸ் ரீஸ்டோர்டு" என்று வந்தால், அமைப்புகளை நினைவில் வைக்கும் பேட்டரி செத்துவிட்டது, அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் திரையில் "கிரெடிட்ஸ்" (இன்னும் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்ற) எண்ணைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன புள்ளி இருந்தால், ஏதோ ஒரு ஸ்விட்ச்சோ வேறு ஏதோ சரியில்லை என்று மெஷினே ஒப்புக்கொள்கிறது. விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி, நான் அந்தப் புள்ளியைத்தான் நம்புவேன்.

பிறகு ஆஃப் செய்து, கண்ணாடியை உருவி, பந்துகளை எடுத்துவிட்டு, ஆட்டப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அடியில் கருகிய காயில் (கம்பிச்சுருள்), கண்டபடி ஒட்டுப்போட்ட ஒயர், பழுப்பாக வெந்துபோன கனெக்டர், இவற்றைத் தேடுங்கள். மேலே நிற்கும் பெட்டியைத் திறந்தால் சிபியு போர்டிலேயே மூன்று டபுள் ஏ பேட்டரி இருக்கும். அந்தக் காலத்து வில்லியம்ஸ், பாலி மெஷின்களின் பெரிய சாபக்கேடு இதுதான். பேட்டரி கசிந்தால் அந்தக் காரம் கீழே வழிந்து போர்டையே அரித்துவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி தெரிந்தால் விலையில் போர்டின் செலவைக் கழித்துப் பேசுங்கள். வாங்கியபின் முதல் வேலையாகப் பேட்டரியைப் போர்டிலிருந்து ஒயர் வைத்துத் தள்ளிப் போடுங்கள், அல்லது பேட்டரியே வேண்டாத மெமரி சிப் போட்டுவிடுங்கள்.

ஃப்ளிப்பர் (பந்தை மேலே அடித்துத் தள்ளும் சின்ன மட்டை) தொய்வாக அடிக்கிறதா, அதற்காகப் பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் பிளங்கர், லிங்க், காயில் ஸ்லீவ் எல்லாம் தேய்கிற சாமான்தான், மொத்தமாக ஒரே செட்டாகவே கிடைக்கிறது, ஒரு மாலை நேரத்து வேலை. ரப்பர், பல்பு எல்லாம் அதைவிட மலிவு. பந்து விழுகிற குழிகளின் ஓரத்தில் பெயின்ட் போய் மரம் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். அதைச் சரிசெய்வது காசும் பிடிக்கும், பொறுமையும் பிடிக்கும்.

கேள்வி: என்னிடம் "ஆடம்ஸ் ஃபேமிலி" என்ற பின்பால் மெஷின் இருக்கிறது. தெரிந்த ஒருவர் தன்னிடமுள்ள புதிய ஸ்டெர்ன் கம்பெனி மெஷினும் கையில் கொஞ்சம் பணமும் தருகிறேன், மாற்றிக்கொள்ளலாமா என்கிறார். அண்ணா, நீங்களாக இருந்தால் செய்வீர்களா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மாற்றிக்கொள்வதில் தகராறு வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தன் மெஷினுக்கு ஆசை விலை, எதிராளி மெஷினுக்குச் சந்தை விலை என்று இரண்டு பேருமே கணக்குப் போடுவார்கள். அதனால் முதலில் இரண்டு மெஷினுக்கும் ரொக்க விலையை எழுதிவையுங்கள், இன்று பணம் கொடுத்து வாங்கினால் என்ன தருவோம் என்று. அதில் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு. நீங்கள் ஆசையாகப் போட்ட எல்இடி, பொம்மை, கலர் டிஸ்ப்ளே இதற்கெல்லாம் போட்ட பணம் முழுசாகத் திரும்பாது. வண்டி வாடகை யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

உங்கள் மெஷின் அபூர்வமானது இல்லை. 1992இல் வந்தது, பாட் லாலரும் லேரி டிமாரும் வடிவமைத்தது, இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அப்படியும் அதற்கு மவுசு குறையவே இல்லை, பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வந்து பந்தைக் காந்தத்தால் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த யாருக்கும் காரணம் புரியும். புது ஸ்டெர்ன் நல்ல மெஷின்தான், உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும், அடிப்படை மாடலே ஏழாயிரம் டாலரை ஒட்டிப் போகிறது. ஆனால் அது நாளைக்கும் கடையில் கிடைக்கும், நல்ல நிலையில் இருக்கும் உங்கள் மெஷின் அப்படிக் கிடைக்காது. நானாக இருந்தால் மாற்றமாட்டேன். வீட்டில் பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை என்றால் மட்டும் யோசிப்பேன். அப்படியே மாற்றினாலும், அவர் வீட்டுக்குப் போய் அந்த மெஷினில் சில ஆட்டமாவது முழுசாக ஆடிப் பாருங்கள், அவரையும் உங்கள் வீட்டில் ஆடச் சொல்லுங்கள்.

கேள்வி: மினிவேனில் ஏற்ற முடியுமா? (நேப்பர்வில், இல்லினாய்ஸ்)

பதில்: முடியும், பின் சீட்டுகளை மடக்கினால். எடை நூறு கிலோவுக்கு மேல், அதனால் தனியாக மட்டும் இறங்காதீர்கள். முதல் காரியம், பந்துகளை எடுத்துவிடுங்கள். எஃகுப் பந்து ஒவ்வொன்றும் 80 கிராம், வழியெல்லாம் உருண்டு உள்ளே இருப்பதை எல்லாம் உடைத்துவிடும். மேல் பெட்டியின் போல்ட்டைக் கழற்றி, நடுவில் போர்வை போட்டு, கேபினட்மேல் மடித்துக் கட்டுங்கள். கால்களைக் கழற்ற 5/8 அங்குல சாக்கெட் போதும். கழற்றிய கண்ணாடியை சிமென்ட் தரையில் செங்குத்தாக நிறுத்தவே கூடாது, ஓரம் லேசாகத் தட்டினாலே மொத்தமும் தூளாகிவிடும். கம்பளத்தின்மேல் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இடம் வலம் மட்டம் பார்த்து, சரிவை ஆறரை டிகிரியில் வையுங்கள். அதைவிடப் படுத்திருந்தால் பந்து நத்தை வேகத்தில் போகும், மெஷினே போர் என்று நினைத்துவிடுவீர்கள்.

கேள்வி: பின்பால் ஒரு காலத்தில் சூதாட்டம் என்று தடை செய்யப்பட்டதாமே? (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: ஆமாம். நியூயார்க்கில் மேயர் லா கார்டியா 1942இல் தடை செய்து, போலீஸை விட்டு மெஷின்களை அடித்து நொறுக்க வைத்தார். அப்போது ஃப்ளிப்பரே கிடையாது, அது 1947இல் காட்லீப் கம்பெனியின் "ஹம்ப்டி டம்ப்டி"யில்தான் வந்தது. பந்தை விட்டுவிட்டு சாமியைக் கும்பிடுகிற ஆட்டமாக இருந்ததால் சூதாட்டம் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்பேன். 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவுக்கு முன்னால் ஆடிக்காட்டி, பந்து நடுப்பாதையில்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பந்தை உள்ளே தள்ளும் ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டார். சொன்னபடியே இறங்கியது. தடை போயிற்று.

கேள்வி: சென்னையில் வீட்டில் வைக்க ஒன்று வரவழைக்கலாமா? (பெசன்ட் நகர்)

பதில்: மின்சாரம் பிரச்சினை இல்லை, பெரும்பாலான மெஷின்களில் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்றினால் 230 வோல்ட்டில் ஓடும். கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்த விலைமேல் சுங்க வரி போடுவார்கள், பழைய பொருள் என்றால் அதற்குத் தனி விதிகள் வேறு இருக்கின்றன. பணம் கட்டுமுன் ஒரு சுங்க முகவரிடம் பேசிவிடுங்கள். அதைவிட எனக்குக் கவலை உங்கள் வீட்டுக் கடல்காற்றுதான். பலகைக்கு அடியில் இருப்பதெல்லாம் இரும்பும் சின்னச்சின்ன ஸ்விட்ச்சும். ஏசி அறை இல்லையென்றால் வேண்டாம். பதிலாக, ஒரு மரப்பெட்டியில் டிவியைப் படுக்கவைத்து, கம்ப்யூட்டரில் விஷுவல் பின்பால் போட்டு ஆடலாம், அந்த மென்பொருள் இலவசம். அசல் பந்தின் கனம் அதில் வராதுதான், ஆனாலும் ரிப்பேருக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: வாங்கி வைத்தால் விலை ஏறுமா? (ஹூஸ்டன்)

பதில்: அந்தக் கணக்கில் வாங்காதீர்கள். 1997இல் வந்த "மெடீவல் மேட்னெஸ்" மெஷின் நாலாயிரம் சொச்சம்தான் செய்யப்பட்டது, இனி வராது என்று விலை ஏறிக்கொண்டே போனது. அதையே 2015இல் சிகாகோ கேமிங் கம்பெனி மறுபடி செய்து விற்க ஆரம்பித்துவிட்டது.

கேள்வி: பலகையைத் துடைக்க என்ன போடலாம்? (அதே ஹூஸ்டன் வாசகர்)

பதில்: தண்ணீர் வேண்டாம், மரம் உப்பிவிடும். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, கார்னோபா மெழுகு லேசாகப் பூசித் தேய்த்துவிடுங்கள். பந்தில் முகம் பார்க்க முடியவில்லை, நகத்தால் தடவினால் கீறல் தட்டுப்படுகிறது என்றால் அந்தப் பந்து உப்புத்தாளாக மாறி பலகையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. புதுப் பந்து சில டாலர்தான், உடனே மாற்றுங்கள்.